இரண்டு குதிரைகளோடு நான்கு இரவு: தங்க இடம் எப்படித் தேடுவது?

காலடித்தூசி கேட்டது:

இரண்டு குதிரைகள். ஒன்று பெட்டை, இன்னொன்று காயடித்த ஆண். இரண்டுமே ஏறக்குறைய 450 கிலோ. ஐந்து பகல், நான்கு இரவு சவாரி. முதல் இரவும் கடைசி இரவும் டிரெய்லர் கூட இருக்கும். நடுவில் இரண்டு இரவு சேணப்பையில் எடுத்துப் போவது மட்டும்தான்.

ஆட்கள் தங்கும் முகாம் இடங்கள் தேடினால் கொட்டிக் கிடக்கின்றன. குதிரை என்றதும் பட்டியல் சுருங்கிவிடுகிறது. "வளர்ப்புப் பிராணிகளுக்கு அனுமதி உண்டு" என்று போட்ட இடத்தை நம்பிக் கேட்டால் நாயைத்தான் சொன்னோம் என்கிறார்கள்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எங்கே, எப்படித் தேடுவது? போனில் என்ன கேட்டுக்கொள்வது? வேலி இல்லாத இடத்தில் ராத்திரி எப்படிக் கட்டுவது? முன்னங்கால்கள் இரண்டையும் சேர்த்துத் தளை போட்டு மேயவிட்டால் போதுமா?

---

வரைபடக்கிறுக்கு:

இடத்தைத் தேடிவிட்டுப் பாதை போடாதீர்கள். பாதையைப் போட்டுவிட்டு இடத்தைத் தேடுங்கள். குதிரை நடை மணிக்கு 6 கி.மீ. சுமாருக்கு வரும். சமதளம் என்றால் நாளுக்கு 25 கி.மீ., ஏற்ற இறக்கம் அதிகம் என்றால் 18 முதல் 20. வரைபடத்தில் அந்தத் தூரத்துக்கு ஒரு புள்ளி வையுங்கள், ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் 5 கி.மீ. வட்டம் போடுங்கள். தேடல் அந்த வட்டங்களுக்குள் மட்டும். ஒவ்வொரு வட்டத்திலும் இரண்டு இடம் கிடைக்கும்வரை விடாதீர்கள். ஒன்று போகும் இடம், மற்றது அது கைவிட்டால் போகும் இடம்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்கிற இலவச இணைய வரைபடத்தில் 'பிரைடில்வே' என்று குறித்த பாதைகள் குதிரைக்கானவை. 'வாட்டரிங் பிளேஸ்' என்பது கால்நடை தண்ணீர் குடிக்கும் இடம். அந்த வரைபடத் தகவலைத் தேடித்தரும் ஓவர்பாஸ் டர்போ தளத்தில் இந்த இரண்டையும் கொடுத்துத் தேடினால் ஒரு வட்டாரம் முழுக்க ஒரே தடவையில் வந்துவிடும். ஒரு எச்சரிக்கை: ஒரு பாதையில் 'ஹார்ஸ் = யெஸ்' என்று இருந்தால் அந்த வழியாகப் போகலாம் என்று மட்டும்தான் அர்த்தம். அங்கே ராத்தங்க அனுமதி உண்டு என்பதல்ல. பலர் கோட்டைவிடும் இடம் இதுதான்.

அடுத்தது செயற்கைக்கோள் படம். பட்டியலில் வராத இடங்கள் அதில்தான் அகப்படும். வெளிர் மணல் நிறத்தில், சுத்தமான நேர்கோட்டு விளிம்போடு ஒரு செவ்வகம் தெரிகிறதா, அளந்து பாருங்கள். 20-க்கு 40 மீட்டர், அல்லது 20-க்கு 60 மீட்டர் வந்தால் அது சவாரி பழகும் மைதானம். சுமார் 18 மீட்டர் குறுக்களவில் ஒரு வட்டம் தெரிந்தால் குதிரை பழக்கும் வட்டத்தொழுவம். இரண்டில் எது இருந்தாலும் அங்கே குதிரை வைத்திருக்கும் ஒருவர் இருக்கிறார், உங்கள் கஷ்டம் அவருக்கு விளக்காமலே புரியும். கண்காட்சித் திடல், கால்நடைச் சந்தைத் திடல், பந்தயத் திடல் இவற்றில் நிகழ்ச்சி இல்லாத நாட்களில் லாயங்கள் சும்மா கிடக்கும். மேலாளரைப் பிடித்துக் கேட்க வேண்டும், இணையத்தில் எழுதிப் போட்டிருக்க மாட்டார்கள்.

இதையெல்லாம்விட வேகமான வழி, அந்த வட்டாரத்தில் லாடம் அடிப்பவர். எந்தக் கொல்லையில் நல்ல வேலி, எவர் வீட்டில் கடிக்கிற பொலிகுதிரை (காயடிக்காத ஆண்), எந்தக் கேட்டுக்குள் டிரெய்லர் திரும்பாது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

போனில் "குதிரைக்கு அனுமதி உண்டா" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு "உண்டு" என்று பதில் சொல்வது ரொம்பச் சுலபம். "கடைசியாக எப்போது குதிரை தங்கியது, எங்கே கட்டினார்கள்" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் அங்கே இதுவரை குதிரை வந்ததில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். அப்புறம் வேலி. மரமா, குழாயா, முள்கம்பியா? முள்கம்பி என்றால் வேலி இல்லாத இடமாகவே கணக்கு வையுங்கள், உள்ளே உங்கள் சொந்தக் கட்டு வேண்டும். பக்கத்துத் தொழுவத்துக் குதிரையோடு மூக்கு உரசும்படி ஒரே வேலியா? பொலிகுதிரை இருக்கிறதா? தண்ணீர் குழாயிலா, குட்டையிலா? குழாய் என்றால் நீங்கள் போகும் மாதத்தில் திறந்திருக்குமா? ராத்திரி கேட்டைப் பூட்டுவார்களா, பூட்டினால் சாவி யாரிடம்? லத்தியை எங்கே கொட்டுவது?

டிரெய்லர் வரும் இரண்டு இரவுக்கும் இன்னொன்று பாருங்கள். வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 12 மீட்டருக்கு மேல் போகும். உள்ளே நுழைந்து சுற்றி வெளியேற வழி இருந்தால் நிம்மதி. முட்டுச்சந்து என்றால் கடைசியில் 25 மீட்டராவது வெட்டவெளி வேண்டும். மரக்கிளை உயரம் படத்தில் தெரியாது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மழைக்குப் பிறகு புல்தரையில் டிரெய்லரை ஏற்றினால் உள்ளே போவது உங்கள் விருப்பம், வெளியே வருவது டிராக்டரின் விருப்பம்.

---

முடிச்சுமணி:

கட்டும் விஷயத்துக்கு வருகிறேன். வேலி இல்லாத இடத்தில், இரண்டு மரம் இருந்தால், உயரக்கயிறுதான் முதல் தேர்வு. மரத்துக்கு மரம் தலைக்கு மேலே ஒரு கயிறு, அதிலிருந்து குதிரை தொங்குகயிற்றில். இதைத் தப்பாகக் கட்டத்தான் நூறு வழி இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மரம்: உயிருள்ளது, குறுக்களவு 20 செ.மீ.க்குக் குறையாதது, மேலே பட்டுப்போன கிளை இல்லாதது. இரண்டு குதிரைக்கு மரங்களுக்கு நடுவே 9 அல்லது 10 மீட்டர். மரத்தில் கயிற்றை நேரடியாகச் சுற்றக் கூடாது. 5 செ.மீ.க்குக் குறையாத அகலமுள்ள பட்டைநாடாவைச் சுற்றி அதில் கயிற்றை மாட்டுங்கள். மெல்லிய கயிறு ராத்திரி முழுக்க அறுத்தால் பட்டை உரிந்து மரம் செத்துப்போகும். அப்படி ஒரு மரம் செத்தால் அந்த இடத்தில் குதிரைக்கே தடை வந்துவிடும்.

கயிறு: 12 மி.மீ., நீளாத வகை, பாலியஸ்டர் நல்லது. நைலான் வேண்டாம், இழுக்க இழுக்க நீளும், பனியில் நனைந்தால் இன்னும் தொய்யும். உயரம் 2.2 மீட்டர், உங்கள் குதிரை தலை தூக்கினாலும் அதற்கு மேலே இருக்க வேண்டும். லாரியில் தார்ப்பாயை இழுத்துக் கட்டும் முடிச்சு தெரியுமல்லவா, அதேதான் இங்கும். கட்டியபின் நடுவில் உங்கள் முழு எடையோடு தொங்கிப் பாருங்கள். ஒரு சாணுக்கு மேல் இறங்கினால் அவிழ்த்துத் திரும்ப இழுங்கள். குதிரையைக் கட்டி அரை மணி கழித்து இன்னொரு முறை. முதல் இழுப்பிலேயே எல்லாம் இறங்கிவிடாது.

குதிரை கட்டும் இடங்களில், கயிற்றை இழுத்துக் கட்டுவதற்கு முன்பே, நகராத கண்ணி முடிச்சு ஒவ்வொன்று போட்டுவிடுங்கள். வண்ணத்துப்பூச்சி முடிச்சு போதும். கண்ணி இல்லாமல் வெறுங்கயிற்றில் கட்டினால் இரண்டு குதிரையும் வழுக்கி வழுக்கி நடுவில் ஒன்றாகச் சேர்ந்து உதைத்துக்கொள்ளும். மரத்திலிருந்து இரண்டரை மீட்டர், குதிரைக்குக் குதிரை மூன்றரை முதல் நாலு மீட்டர். மரத்துக்குக் கிட்ட இருந்தால் பட்டையைக் கடிக்கும், வேரைப் பறிக்கும்.

கண்ணியில் ஒரு சுழல் வளையம் மாட்டி, தொங்குகயிறு அதிலிருந்து வரட்டும். இந்தச் சின்ன இரும்புத்துண்டை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். குதிரை நின்ற இடத்திலேயே வட்டம் சுற்றும். ஒவ்வொரு சுற்றுக்கும் கயிறு ஒரு முறுக்கு ஏறும். முறுக்கு ஏற ஏறக் கயிறு குட்டையாகும். விடிகிறபோது தலையைக் கீழே கொண்டுவர முடியாமல், கழுத்து வலியோடு, புல்லும் தின்னாமல் நின்றுகொண்டிருக்கும்.

தொங்குகயிற்றின் நீளம்: கொக்கியைச் சும்மா தொங்கவிட்டால் தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் நிற்க வேண்டும். மூக்கு தரைக்கு எட்டும், கால் கயிற்றைத் தாண்டாது. அதற்கு மேல் நீளம் விட்டால் படுத்து எழும்போது முன்னங்கால் உள்ளே போய்விடும். முடிச்சு உருவுமுடிச்சு, ஒரு இழுப்பில் அவிழ வேண்டும். கயிற்று நுனியை வாயால் இழுத்து அவிழ்க்கும் குதிரை என்றால் நுனியை அந்த உருவுமுடிச்சின் வளையத்துக்குள் செருகிவிடலாம். ஆனால் அப்போது அவசரத்தில் உருவ முடியாது, மரத்தில் ஒரு கத்தி தொங்கட்டும்.

தளை பற்றி: தளை போட்ட குதிரை ஓடாது என்பது நம் நம்பிக்கை மட்டுமே. இரண்டு முன்னங்காலையும் சேர்த்துத் தூக்கி வைத்து நம்மைவிட வேகமாகப் போகக் கற்றுக்கொள்ளும். பகலில், கண் பார்வையில், ஒன்றுக்குத் தளை போட்டு மற்றதைக் கட்டிவையுங்கள். கட்டியிருக்கும் துணையை விட்டு இது தூரம் போகாது. ராத்திரிக்குத் தளை மட்டும் போதாது. தரையில் முளையடித்து நீளக்கயிறு விடுவது இதற்கென்றே பழக்கிய குதிரைக்கு மட்டும். பழகாதது பின்னங்கால் பூட்டில் கயிறு சுற்றி, தோல் தீய்ந்து, பயணம் அங்கேயே முடியும்.

---

கம்பியும்கம்பும்:

முடிச்சுமணி சொன்னதில் தப்பில்லை. ஆனா உயரக்கயிறுதான் முதல் தேர்வுன்னு அடிச்சுச் சொல்றது சரியில்லை. குதிரை நின்னுக்கிட்டே தூங்கும், உண்மை. ஆனா ஆழ்ந்த தூக்கத்துக்குப் படுத்தாகணும், ஒரு நாளைக்கு அரை மணி, ஒரு மணி நேரமாவது. பல குதிரை கயிற்றில் கட்டினா படுக்காது. ஒரு ராத்திரி தாங்கும். தொடர்ந்து நாலு ராத்திரின்னா நாலாவது நாள் நடையிலேயே தெரியும். டிரெய்லர் இருக்கிற ரெண்டு இரவுக்கு மின்வேலி போடுங்க.

ரெண்டு குதிரைக்கு 10-க்கு 10 மீட்டர். 40 மீட்டர் சுற்று, ரெண்டு வரி, அதனால நாடா 90 மீட்டர் வாங்கிக்கோங்க. வெள்ளை நாடா, ராத்திரி கண்ணுல படணும். மெல்லிய கம்பி வேண்டவே வேண்டாம். வரி உயரம் 60 செ.மீ., 120 செ.மீ. கால்ல மிதிச்சு ஊன்றுகிற பிளாஸ்டிக் கம்பு 12 போதும், மூலைக்கு மட்டும் கொஞ்சம் தடிமனா பாருங்க, நாடாவை இழுக்கிறப்ப மூலைதான் சாயும்.

நாடாவுக்கு மின்சாரம் கொடுக்கிற பேட்டரி யூனிட்டை விட முக்கியம், அதுலேர்ந்து மண்ணுல அடிக்கிற தரைக்கம்பி. காய்ஞ்ச மண்ணுல தரைக்கம்பியை அடிச்சா மின்சாரம் திரும்பி வர வழியில்லை, குதிரை தொட்டாலும் ஒண்ணும் தெரியாது. தாழ்வான, ஈரமான இடமாப் பார்த்து அடிங்க, சுத்தி ரெண்டு மூணு லிட்டர் தண்ணி ஊத்துங்க. டெஸ்டர்ல 3,000 வோல்ட்டுக்குக் குறைஞ்சா எங்கேயோ கசியுது. பெரும்பாலும் கீழ்வரியை ஈரப்புல் தொட்டுக்கிட்டு இருக்கும், இல்லைன்னா ஒரு கம்பு சாஞ்சு நாடா மண்ணுல கிடக்கும்.

இது பயமுறுத்துற வேலி, தடுக்கிற வேலி இல்லை. புறப்படுறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே லாயத்துக்குப் பக்கத்துல போட்டு, ரெண்டும் ஒரு தடவையாவது மூக்கால தொட்டுத் தெரிஞ்சுக்கட்டும். முன்பின் தெரியாத குதிரையை முதல் ராத்திரியே உள்ளே விட்டா, மான் ஒண்ணு குறுக்கே ஓடினாக் கூட நாடாவோட சேர்த்து எடுத்துக்கிட்டுப் போயிடும்.

---

காலடித்தூசி:

நன்றி, இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. டிரெய்லர் இரவுகளுக்கு மின்வேலி, நடு இரண்டுக்கும் உயரக்கயிறு என்று வைத்துக்கொள்கிறேன். தண்ணீரும் தீவனமும் எவ்வளவு என்று கணக்குச் சொல்லுங்கள். நடு இரவுகளுக்குச் சேணப்பையில் கொள்ளுமா?

---

லாயக்காரி:

கொள்ளாது. இதை வைத்துத்தான் உங்கள் நடு இரண்டு இடத்தையும் முடிவு செய்ய வேண்டும்.

கணக்கு இதுதான். உடல் எடையில் 2 சதவீதம் உலர்தீவனம், 450 கிலோவுக்கு நாளொன்றுக்கு 9 கிலோ. இரண்டு குதிரை, இரண்டு நாள், 36 கிலோ. உருண்டைத்தீவனமாக மாற்றினால் இடம்தான் மிச்சம், எடை குறையாது. மேய்ந்து ஈடுகட்டலாம் என்றால், நல்ல புல்லில் ஒரு குதிரை மணிக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை உலர்எடை தின்னும். நாலு மணி நேரம் மேய்ந்தால் மூன்று கிலோ வரும். மீதி ஆறு கிலோ எங்கிருந்து? ஆகவே நடு இரவுகளுக்கு வண்டி போகக்கூடிய இடமாகப் பாருங்கள், முந்தின நாளே உலர்புல்லைக் கொண்டுபோய் நில உரிமையாளர் கொட்டகையில் போட்டுவிடுங்கள். அவருக்கும் நீங்கள் வருவது உறுதி என்று தெரியும். அப்படி இடமே அகப்படாவிட்டால் அந்தப் பகுதியை ஒரே இரவாகச் சுருக்குங்கள்.

பழகாத பச்சைப் புல்லில் முதல் நாளே மணிக்கணக்கில் விட்டால் வயிற்றுவலி, குளம்பழற்சி இரண்டுக்கும் வழி செய்தது போல. போகிற இடத்தில் எந்தத் தீவனமோ அதை ஒரு வாரம், பத்து நாள் முன்பிருந்தே வீட்டுத் தீவனத்தோடு கலந்து பழக்குங்கள். சில வனப்பகுதிகளில் களைவிதை இல்லாத புல் மட்டும்தான் அனுமதிப்பார்கள். அப்படியானால் உள்ளே நுழைவதற்கு மூன்று நாள் முன்பே அதற்கு மாறிவிட வேண்டும், வயிற்றில் இருக்கும் பழைய விதை லத்தியில் வந்துகொண்டே இருக்கும். மணல்தரையில் புல்லை அப்படியே போடாதீர்கள், தார்ப்பாய் விரித்துப் போடுங்கள். புல்லோடு மணலும் உள்ளே போய்த் தங்கினால் அதுவும் வயிற்றுவலிதான்.

தண்ணீர்: குளிர்ச்சியான நாளில், ஓய்வில், 25 முதல் 30 லிட்டர். வெயிலில் உழைத்தால் 45-க்கு மேல், 60 வரைகூட. டிரெய்லரில் இரண்டு குதிரைக்கு ஓர் இரவுக்கு 120 லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள், குழாய் உண்டு என்று சொன்ன இடத்துக்கும்தான். நடு இரவுகளில் ஓடை இருந்தால் முகாமை அதிலிருந்து 60 மீட்டராவது தள்ளிப் போடுங்கள். தண்ணீரைச் சுமக்காதீர்கள், குதிரையைத் தண்ணீருக்கு நடத்திப் போங்கள். கரை சேறாக இல்லாமல் கூழாங்கல்லாக இருக்கும் இடமாகப் பாருங்கள். சில குதிரைகள் வேற்றூர்த் தண்ணீரை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். உருண்டைத்தீவனத்தைத் தண்ணீரில் கூழாக ஊறவைத்துக் கொடுத்தால் தெரியாமலே நாலைந்து லிட்டர் உள்ளே போகும். நாளுக்கு 30 கிராம் உப்பு.

பொதுத்தொட்டியில் குடிக்கவிடாதீர்கள். சொந்த வாளி, குதிரைக்கு ஒன்று. குழாய் நுனியை வாளித் தண்ணீருக்குள் முக்காதீர்கள், உங்களுக்கு முன் அதே நுனி யார் வாளியில் முங்கியதோ. ஸ்ட்ராங்கிள்ஸ் என்கிற தொண்டைக்கட்டி நோய் பரவுவதற்கு இதுபோல ஒரு வழியே போதும். பல முகாம்களில் தடுப்பூசிச் சான்றும், தொற்று ரத்தசோகைக்கான காகின்ஸ் பரிசோதனைச் சீட்டும் கேட்பார்கள். முன்பதிவின்போதே எந்தச் சீட்டு, எத்தனை நாளுக்குள் எடுத்தது என்று கேட்டுவிடுங்கள்.

உயரக்கயிறு கட்டுமுன் குதிரைக்கு எட்டும் வட்டத்தை ஒரு முறை நடந்து பாருங்கள். சலிப்பில் எதையும் கடிக்கும். அரளி, ஆமணக்கு, யூ மரம் இருந்தால் வேறு இடம். செம்மேப்பிள் கிளை ஒடிந்து இலை வாடிக் கிடந்தாலும் அப்படித்தான், பச்சையைவிட வாடியது ஆபத்து. தனியார் கொல்லை என்றால் பழைய கம்பி, கட்டுக்கயிறு, உடைந்த கண்ணாடி பார்க்க வேலியோரமாக ஒரு முழுச்சுற்று. இதற்கெல்லாம் வெளிச்சம் வேண்டும், இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே போய்ச் சேருகிற மாதிரி புறப்படுங்கள்.

சேணம் இறக்கி ஒரு மணி கழித்து நாடி பாருங்கள். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை சரி. ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு வினாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். நாடி 60-க்கு மேலேயே நின்றுகொண்டு, புல்லையும் தொடவில்லை என்றால் காலைவரை பொறுக்காதீர்கள், மருத்துவரைக் கூப்பிடுங்கள். நான்கு இடத்துக்கும் அருகில் இருக்கும் கால்நடை மருத்துவர் எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள், அங்கே இணையம் இருக்காது.

---

வரைபடக்கிறுக்கு:

லாயக்காரி சொன்னதோடு ஒன்று. தனியார் நிலத்தில் கேட்கும்போது முதல் வாக்கியத்திலேயே எல்லாம் சொல்லிவிடுங்கள்: எத்தனை குதிரை, பொலிகுதிரை இல்லை, எப்போது வருவோம், எப்போது போவோம், தீவனம் எங்களுடையது, தீ மூட்ட மாட்டோம், லத்தியை அள்ளிவிடுவோம். மறுப்பவர்கள் பெரும்பாலும் இந்தக் கடைசி இரண்டை நினைத்துத்தான் மறுக்கிறார்கள். இரண்டு குதிரை ஓர் இரவில் இரண்டு பெரிய வாளி லத்தி போடும். கொட்டும் இடம் காட்டினால் அங்கே, காட்டுக்குள் என்றால் ஓடையிலிருந்து தள்ளி மெல்லிசாகச் சிதறிவிடுங்கள், சீக்கிரம் காயும். குவியலாக விட்டால் ஈ மொய்க்கும். குளம்பால் பறித்த குழியை மூடி மண்ணை மிதித்துவிட்டுக் கிளம்புங்கள்.

---

காலடித்தூசி:

கடைசியாக ஒன்று. தளை போட்டு மேயவிடும்போது மணி கட்டலாமா? எதற்குக் கட்டுவது?

---

முடிச்சுமணி:

கட்டலாம். இரண்டில் எது முன்னே போக மற்றது பின்னாலேயே போகிறதோ அதற்கு. உங்களிடம் பெரும்பாலும் பெட்டையாகத்தான் இருக்கும். மற்றதற்கு வேண்டாம், இரண்டு மணி அடித்தால் எது எங்கே என்று தெரியாது. கழுத்துவார் தோலாக இருக்கட்டும், கிளையில் மாட்டினால் அறுந்துவிழ வேண்டும். ஒரு வாரம் முன்பே லாயத்தில் கட்டிப் பழக்குங்கள், தன் கழுத்து மணிச்சத்தத்துக்கே மிரண்டு ஓடும் குதிரை உண்டு.